முழங்காலுக்குள் சொந்த ரத்தம்: பி.ஆர்.பி. ஊசி சிகிச்சை குறித்த ஒரு மதிப்பீடு

கோயம்புத்தூரில் எலும்பு மூட்டு மருத்துவமனைகள் நெருங்கி நிற்கும் சாலைகளில், 'அறுவை சிகிச்சை இல்லாமலே மூட்டுத் தேய்மானத்துக்குத் தீர்வு' என்ற வாசகத்தைப் பல பலகைகளில் பார்க்க முடிகிறது. அந்த வாசகத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பி.ஆர்.பி. (பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா, அதாவது தட்டணுக்கள் மிகுந்த ரத்தத் திரவம்) எனப்படும் ஊசிதான். நோயாளியின் சொந்த ரத்தத்தை எடுத்து, அதிலிருந்து தட்டணுக்கள் மிகுந்த பகுதியை மட்டும் பிரித்து, வலிக்கும் முழங்காலுக்குள் செலுத்துவதே இச்சிகிச்சை. என் அக்கா, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, இங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் இதை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் உடன் சென்றவன் என்ற முறையிலும், மருந்துகளின் தரப் பரிசோதனைப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையிலும், நான் பார்த்ததையும், இந்த ஊசியைப் பற்றி நடந்த ஆய்வுகள் சொல்வதையும் சேர்த்து இங்கே மதிப்பிட விரும்புகிறேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் செய்வதைத்தான் ஊரில் பலரும் செய்கிறார்கள்.

முதலில் செய்முறை. அக்காவின் முழங்கையில் நரம்பு தேடி எடுத்த ரத்தம், உறைந்துவிடாதபடி சிட்ரேட் கலந்த கண்ணாடிக் குழாய்களில் நிரப்பப்பட்டது. குழாய்களை எதிரெதிரே எடை சமமாக வைத்து சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் சுற்றவிட்டார்கள். வெளியே எடுத்தபோது அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்களும், மேலே வெளிர் மஞ்சள் நிறத்தில் பிளாஸ்மாவும், இரண்டுக்கும் நடுவே நூல் பருமனுக்கு ஒரு வெண்ணிறப் படலமும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் படலத்தையும் அதற்குச் சற்று மேலுள்ள பிளாஸ்மாவையும் செவிலியர் நீண்ட ஊசியால் மெதுவாக உறிஞ்சி எடுத்தார். கை சற்று ஆழமாகப் போனால் சிவப்பணுக்களும் கலந்துவிடும், மேலேயே நின்றால் தட்டணுக்கள் கிடைக்காது என்பதால் அந்தச் சில நொடிகளில்தான் மொத்தச் சிகிச்சையின் தரமும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதன்பின் முழங்காலைப் பழுப்பு நிற அயோடின் கரைசலால் துடைத்து, அல்ட்ராசவுண்ட் கருவியில் பார்த்தபடியே, முழங்கால் சில்லின் பக்கவாட்டில் ஊசியை இறக்கினார் மருத்துவர். செலுத்திய மருந்தின் அளவு ஒரு தேக்கரண்டிக்கு மேல் இராது.

இந்தப் பகுதியில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கையுறை, முகக்கவசம், அங்கேயே பிரித்த ஊசிக்குழல், குழாயில் ஒட்டிய பெயர்ச்சீட்டு எல்லாம் ஒழுங்காக இருந்தன. இரண்டு நாள் வீக்கமும் வலியும் இருக்கும், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் போடக் கூடாது, தேவைப்பட்டால் பாராசிட்டமால் மட்டும் போடலாம் என்று எழுதியே கொடுத்தார்கள். சொன்னபடியே வீக்கம் வந்தது, சொன்னபடியே வடிந்தது.

குறை தொடங்குவது ஊசிக்கு முந்தைய ஆலோசனை அறையில். அக்காவின் எக்ஸ்ரேயில் தேய்மானம் மூன்றாம் நிலையில் இருந்தது. கெல்கிரன், லாரன்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1957-இல் வகுத்த அளவுகோலின்படி நான்காம் நிலைதான் கடைசி. எலும்போடு எலும்பு கிட்டத்தட்ட உரசும் நிலை அது. மருத்துவர் படத்தை விளக்கொளியில் வைத்துக் காட்டிவிட்டு, "அம்மா, உங்க ரத்தத்தையே எடுத்து உங்களுக்கே போடறோம். பக்க விளைவு எங்கிருந்து வரும்? தேஞ்சுபோன ஜவ்வு மெதுவா வளர ஆரம்பிச்சிடும்" என்றார். மேசைமீது இருந்த வண்ண அட்டையிலும் அதே செய்திதான்: இடப்பக்கம் அரித்துப்போன மூட்டு, வலப்பக்கம் வழவழப்பான மூட்டு, நடுவில் ஓர் ஊசி. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்க விளைவைப் பற்றி மருத்துவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஜவ்வு, அதாவது மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு, வளரும் என்று சொன்னதற்குத்தான் ஆதாரம் வேண்டும். விளம்பரத்தில் எழுதி விற்கப்படுவதும் அதுதான்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நியாயம். காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடி வந்து ரத்தத்தை உறைய வைப்பவை தட்டணுக்கள். அவற்றுக்குள் இருக்கும் நுண்பைகளிலிருந்து வெளியாகும் வளர்ச்சிக் காரணிகள், சுற்றியுள்ள செல்களைப் பெருகவும் பழுதை அடைக்கவும் தூண்டுகின்றன. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இயல்பாக ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் இருக்கும். அவற்றைச் செறிவாக்கி, ரத்த ஓட்டமே இல்லாததால் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள இயலாத குருத்தெலும்பின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் பழுது ஆறலாம் என்பதே கருத்து. ஆய்வகத் தட்டுகளில் வளர்க்கும் செல்களிலும் விலங்குகளிலும் இதற்குச் சாதகமான அறிகுறிகள் கிடைத்ததும் உண்மை. ஆனால் ஆய்வகத்தில் நடந்தது அறுபது வயதுக்காரரின் முழங்காலிலும் நடக்கிறதா என்பதை முழங்காலில்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவற்றில் மிகக் கவனமாக நடத்தப்பட்டது ஆஸ்திரேலியாவின் ரீஸ்டோர் ஆய்வு. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் கிம் பெனல், சிட்னி பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹண்டர் ஆகியோர் தலைமையிலான குழு, 50 வயதைக் கடந்த 288 பேரைச் சேர்த்துக்கொண்டது. அனைவருக்கும் முழங்காலின் உட்புறத்தில் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலைத் தேய்மானம். அதாவது என் அக்காவைப் போன்றவர்கள், இந்த ஊசி யாருக்காக விற்கப்படுகிறதோ அவர்களே. குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வாரம் ஒன்றாக மூன்று பி.ஆர்.பி. ஊசிகளும், மற்றொரு பிரிவினருக்கு அதே போல மூன்று சலைன் ஊசிகளும் போட்டார்கள். சலைன் என்பது வெறும் உப்பு நீர். உள்ளே இருப்பது தெரியாதபடி ஊசிக்குழல் மறைக்கப்பட்டிருந்தது. போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்ட மருத்துவருக்கும் தெரியாது. ஓர் ஆண்டு முழுவதும் தொடர்ந்து பார்த்து, வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரையிலான மதிப்பெண்ணாலும், குருத்தெலும்பின் கன அளவை எம்.ஆர்.ஐ. மூலமும் அளந்தார்கள். முடிவு 2021 நவம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது.

பி.ஆர்.பி. போட்டவர்களின் வலி சராசரியாக 2.1 மதிப்பெண் குறைந்தது. பத்தில் இரண்டு என்பது சிறிய விஷயமல்ல. நோயாளி தன் அன்றாட வாழ்க்கையில் உணரக்கூடிய குறைவு 1.8 என்று அந்த ஆய்வாளர்களே கணக்கு வைத்திருந்தார்கள். இந்த எண்ணை மட்டும் எடுத்து ஒரு பலகையில் எழுதினால் வெற்றிகரமான மருந்து என்றே தோன்றும். ஆனால் உப்பு நீர் போட்டவர்களின் வலியும் 1.8 குறைந்திருந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். குருத்தெலும்பின் கதை இன்னும் வெளிப்படையானது: பி.ஆர்.பி. பிரிவில் ஓராண்டில் 1.4 சதவீதம் குறைந்தது, உப்பு நீர்ப் பிரிவில் 1.2 சதவீதம் குறைந்தது. இரு பிரிவிலும் அது வளரவில்லை, தேயவே செய்தது. வண்ண அட்டையில் இருந்த வலப்பக்கப் படத்துக்கு இந்த அளவீட்டில் இடமே இல்லை.

இதே காலத்தில் நெதர்லாந்தில் கணுக்கால் தேய்மானத்துக்காக நூறு பேரிடம் பி.ஆர்.பி.யையும் சலைனையும் ஒப்பிட்ட ஆய்விலும் அரையாண்டு முடிவில் வேறுபாடு தெரியவில்லை. கணுக்கால் வேறு, முழங்கால் வேறு என்று வாதிடலாம். ஆனாலும் இரண்டும் ஒரே திசையைக் காட்டுவது கவனிக்கத் தக்கது.

இங்கே ஒரு கேள்வி எழும்: உப்பு நீருக்கு எப்படி வலி குறைகிறது? நான் வேலை பார்த்த துறையில் இது பழகிய கேள்விதான் என்றாலும், வெளியே இதை ஏமாற்று என்றோ மனப்பிரமை என்றோ எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். தேய்மான வலி ஒரே சீராக இருப்பதில்லை. சில மாதம் கூடும், சில மாதம் தானாகவே தணியும். யாரும் வலி தணிந்திருக்கும்போது மருத்துவமனைக்குப் போவதில்லை, உச்சத்தில் இருக்கும்போதுதான் போகிறார்கள். ஆகவே அதன்பின் எதைச் செய்தாலும், எதுவுமே செய்யாவிட்டாலும், சராசரியாக வலி இறங்கவே வாய்ப்பு அதிகம். இதனுடன், நம்பிக்கையூட்டும் மருத்துவர், நுட்பமான இயந்திரம், சொந்த ரத்தம், கணிசமான செலவு ஆகிய அனைத்தும் சேர்ந்து உண்டாக்கும் எதிர்பார்ப்பும் வலியை உணரும் விதத்தை மாற்றுகிறது. அந்த நிவாரணம் பொய்யல்ல. அது பிளாஸ்மாவிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி. ஊசிக்கு மட்டும் உரிய குணமுமல்ல இது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 முழங்கால் நோயாளிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. சிலருக்கு மூட்டுக்குள் கருவி விட்டுச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். வலி குறைந்ததில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. கத்திக்கே அந்த ஆற்றல் இருக்கும்போது ஊசிக்கு இருப்பதில் வியப்பில்லை.

ஆகவே, 'எனக்குப் போட்டது, நன்றாகக் கேட்கிறது' என்று ஒருவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அடுத்தவருக்கு அது சான்றாகாது. இணையத்தில் மருத்துவமனைகளுக்குக் கிடைக்கும் ஐந்து நட்சத்திர மதிப்புரைகளில் பெரும்பாலானவை, ஊசி போட்ட சில வாரங்களில் எழுதப்பட்டவை என்பதையும் பார்க்கிறேன்.

எதிர்த்தரப்பையும் சொல்லாமல் விடக் கூடாது. சண்டிகரில் உள்ள பட்ட மேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் 78 நோயாளிகளின் இரு முழங்கால்களையும் எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு ஒரு பி.ஆர்.பி. ஊசி, இரண்டாம் பிரிவுக்கு மூன்று வார இடைவெளியில் இரண்டு, மூன்றாம் பிரிவுக்கு ஒரு சலைன் ஊசி. பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு வலியும் விறைப்பும் குறைந்து நடமாட்டம் நன்றாகவே மேம்பட்டது. ஆறு மாத முடிவில் அந்தப் பலன் சற்று மங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு ஊசி போட்டவர்களுக்கு ஓர் ஊசி போட்டவர்களைவிடக் கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை. இந்தியாவில் பி.ஆர்.பி.யை ஆதரிப்பவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான், அதில் தவறும் இல்லை. நம் நாட்டு நோயாளிகளிடம், உப்பு நீரோடு ஒப்பிட்டுச் செய்த முன்னோடி ஆய்வு அது.

ஆயினும் அதில் ஒன்று என்னை உறுத்துகிறது. சண்டிகரில் உப்பு நீர் போட்டவர்களின் நிலை முன்னைவிட மோசமாகியிருந்தது. ஏனைய நாடுகளில் உப்பு நீர் போட்டுக்கொண்டவர்கள் வழக்கமாகத் தேறுகிறார்கள். இங்கே மட்டும் ஏன் சரிந்தார்கள்? தமக்குக் கிடைத்தது மருந்தல்ல என்று எப்படியோ ஊகித்திருந்தால் இப்படி நடக்கலாம். இரண்டு ஊசி போட்டவருக்குத் தான் சலைன் பிரிவில் இல்லை என்பது எப்படியும் தெரிந்திருக்கும். எண்ணிக்கையும் சிறியது, காலமும் ஆறு மாதம்தான். ஒரு தரப் பரிசோதகனாக, சண்டிகர் முடிவை ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் 288 பேரை ஓராண்டு தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததற்கு எதிரே வைத்தால், தராசு மெல்பர்ன் பக்கமே சாய்கிறது.

ரீஸ்டோர் ஆய்வின் மீது பி.ஆர்.பி. மருத்துவர்கள் வைக்கும் முதன்மையான மறுப்பு அளவைப் பற்றியது. அங்கே பயன்படுத்திய குழாய்த் தொகுப்பில் கிடைத்த தட்டணுச் செறிவு சாதாரண ரத்தத்தைவிடச் சற்றுத்தான் அதிகம். அது போதாது, பல மடங்கு செறிவாக்கிப் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்கிறார்கள். இந்தியாவிலிருந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் 150 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு ஆயிரம் கோடித் தட்டணுக்கள் கொண்ட 8 மில்லிலிட்டர் ஊசியும் மறு பிரிவுக்கு, ஜெல் ஊசி என்று இங்கே அழைக்கப்படும் ஹயலூரானிக் அமில ஊசியும் போட்டு, ஓராண்டு முடிவில் பி.ஆர்.பி. மேலானது என்று காட்டினார்கள். ஆனால் ஒப்பீடு உப்பு நீரோடு இல்லை. அந்த அளவு மருந்தை ரீஸ்டோர் போன்ற கட்டுப்பாட்டோடு சோதித்துப் பார்ப்பதுதான் நேரிய வழி. மறுப்பு அறிவார்ந்ததுதான், அதை முன்வைப்பவர்களுக்கும் அது ஒரு கடமையைச் சுமத்துகிறது. அளவுதான் எல்லாம் என்றால், தாங்கள் போடும் ஊசியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அவர்கள் சொல்லியாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் எங்கள் மருத்துவமனையைப் பற்றிய என் பெரிய புகார் வருகிறது. ஊசி போடுவதற்கு முன் அந்த மஞ்சள் திரவத்தில் ஒரு துளியை எடுத்து எண்ணிப் பார்த்தார்களா, அதில் எத்தனை தட்டணுக்கள், வெள்ளையணுக்களை நீக்கினார்களா விட்டார்களா என்று கேட்டேன். செவிலியர் சிரித்தபடி, "அதெல்லாம் எண்ணறதில்லைங்க சார், மெஷின் கரெக்டா பிரிச்சிடும்" என்றார். மருத்துவரிடம் கேட்டபோது, தொகுப்பைத் தயாரித்த நிறுவனத்தின் கையேட்டில் இருக்கும் என்று சொல்லிவிட்டார். ஒரே மருத்துவமனையில், ஒரே இயந்திரத்தில் சுற்றினாலும், ஒன்றரை லட்சம் தட்டணு உள்ளவருக்கும் நாலு லட்சம் உள்ளவருக்கும் ஒரே மருந்து கிடைக்காது. சுற்றும் வேகம், நேரம், ஒரு சுற்றா இரு சுற்றா, எந்த மட்டத்தில் உறிஞ்சுகிறார்கள் என்று எல்லாமே இறுதிப் பொருளை மாற்றும். முதல் டிகாக்ஷனையும் மூன்றாம் டிகாக்ஷனையும் ஒரே விலைக்கு ஒரே பெயரில் ஊற்றிக் கொடுப்பது போன்ற காரியம் இது. நான் வேலை பார்த்த கூடத்தில், ஒரு சாதாரண இருமல் மருந்துத் தொகுதியைக்கூட, உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் வாயிலைத் தாண்ட விடமாட்டோம். மூட்டுக்குள் செலுத்தும் திரவத்துக்கு அந்தச் சீட்டு இல்லை. நோயாளியின் ரத்தத்திலிருந்து அவருக்கே தயாராகும் பொருள் என்பதால், கடையில் விற்கும் மருந்துக்கு உள்ள கேள்விகள் இதன் பக்கம் வருவதே இல்லை.

அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு பி.ஆர்.பி.யைப் பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னதற்கு இந்தத் தரப்படுத்தல் இன்மையும் ஒரு காரணம். அதே நாட்டின் எலும்பு அறுவை மருத்துவர்களின் கழகம் 2021-இல், வலியைக் குறைக்கக் கூடும் என்று ஒரு பலவீனமான ஆதரவைத் தந்தது. சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019-இல், பாதுகாப்பு பற்றிப் பெரிய கவலை இல்லை, பலனுக்கான சான்று போதாது, சிறப்பு ஏற்பாடுகளோடு மட்டும் பயன்படுத்துங்கள் என்றது. மூன்றையும் படித்தபின் எனக்கு நைஸ் சொன்னதுதான் மிக நேர்மையாகப் பட்டது.

ரத்தத்திலிருந்து எடுக்கும் வேறு ஊசிகளும் உண்டு. ரத்தத்தைக் கண்ணாடி மணிகளோடு சேர்த்து இளஞ்சூட்டில் வைத்து, அழற்சியை அடக்கும் புரதங்களைப் பெருக்கி, அந்தச் சீரத்தைப் போடும் முறை ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் உருவானது. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் 2011-இல் அங்கே போய் வந்தபின் அது உலகப் புகழ் பெற்றது. விளையாட்டு வீரர் ஒருவர் குணமடைந்து ஆடியது நல்ல செய்திதான். அதை வைத்து நம் வீட்டுப் பெரியவர்களின் முழங்காலைத் தீர்மானிக்க முடியாது.

மற்ற ஊசிகளோடு ஒப்பிட்டால் பி.ஆர்.பி. எங்கே நிற்கிறது? ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை வேகமாகத் தணிக்கிறது, விலையும் குறைவு. ஆனால் பாஸ்டனில் 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்த ஆய்வில், உப்பு நீர் போட்டவர்களைவிட ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது, வலியில் வேறுபாடும் இல்லை என்று 2017-இல் தெரியவந்தது. ஹயலூரானிக் அமில ஜெல் ஊசியும் உப்பு நீரைவிடப் பெரிதாக மேலானதல்ல. இத்தாலியின் பொலோன்யாவில் 192 பேரிடம் பி.ஆர்.பி.யையும் ஜெல்லையும் ஒப்பிட்ட ஆய்வில், இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனையே தந்தன. ஆக, பி.ஆர்.பி. மற்றவற்றைவிட மோசமானதல்ல, தீங்கு குறைவு என்ற ஒரு காரணத்துக்காக, திரும்பத் திரும்பப் போடும் ஸ்டீராய்டைவிட மேலானது என்றுகூடச் சொல்வேன். ஆனால் விலை அப்படியல்ல. ஓர் ஊசிக்கு அவர்கள் வாங்கிய தொகையில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பல மாதம் வீட்டுக்கே வரவழைக்கலாம். மூன்று ஊசித் தொகுப்பாக எடுத்தால் தள்ளுபடி என்றும் சொன்னார்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் வேறுபாடில்லை என்ற சண்டிகர் முடிவை அந்த இடத்தில் யாரும் நினைவுபடுத்தவில்லை. எங்கள் காப்பீட்டு நிறுவனம், நிரூபிக்கப்படாத சிகிச்சை என்ற காரணம் காட்டி முழுத் தொகையையும் மறுத்தது. அந்த மறுப்புக் கடிதத்தில் எனக்கு எரிச்சல் வந்தாலும் மறுக்க எதுவும் இருக்கவில்லை.

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஊசிக்குப் பிறகு வலி குறைந்தது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிப்பது நின்றது. கோயிலில் தரையில் உட்கார்ந்து எழுவது மட்டும் முன்போலவே கடினமாக இருந்தது. அதே காலத்தில் அவர் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தொடைத் தசைக்கான பயிற்சியும் தொடங்கியிருந்தார். நாற்காலியில் அமர்ந்து, கணுக்காலில் மணல்பை கட்டி, காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடித்து மெதுவாக இறக்கும் அந்தப் பயிற்சி பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் மூட்டின் சுமையைத் தாங்குவது அந்தத் தசைதான். உடல் எடையும் கொஞ்சம் குறைந்தது. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின்மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று 2005-இல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தினர் அளந்து காட்டினார்கள். இதில் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. அக்காவோ ஊசிதான் என்கிறார். செலவு செய்தவர் அப்படித்தான் சொல்வார் என்பது என் தரப்பு. ஆண்டு முடிவதற்குள் வலி ஓரளவு திரும்பியது. மருத்துவமனையிலிருந்து 'பூஸ்டர்' போட்டுக்கொள்ளும்படி அழைப்பு வந்தது. மணல்பையை விட்டதால்தான் வலி திரும்பியது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். இரண்டாவது விளக்கத்துக்குச் செலவு இல்லை என்பதால் அதையே முதலில் பார்ப்பது என்று முடிவாயிற்று.

மதிப்பெண் போடச் சொன்னால், ஊசி போட்ட கைத்திறனுக்கும் சுத்தத்துக்கும் ஐந்துக்கு நாலரை தருவேன். சிகிச்சைக்கு இரண்டு. ஆலோசனை அறையில் சொன்ன வார்த்தைகளுக்கும் அந்த வண்ண அட்டைக்கும் ஒன்றுகூட அதிகம். பயிற்சி, எடை, தேவைப்படும்போது வலி மாத்திரை என்ற வரிசையை முறையாகப் பார்த்து முடித்த பின்னும் வலி விடாத, இரண்டாம் மூன்றாம் நிலைத் தேய்மானம் உள்ள ஒருவர், கையில் பணமும் இருந்து, ஜவ்வு வளராது, வலி சில மாதம் குறையலாம் என்ற தெளிவோடு போட்டுக்கொண்டால் அதில் குறை காண மாட்டேன். அப்படிப் போகிறவர்கள், ஊசிக்கு முன் தம் ரத்தத்தின் தட்டணு எண்ணிக்கையையும், பிரித்தெடுத்த திரவத்தின் எண்ணிக்கையையும் பில்லோடு எழுதித் தரும்படி கேட்க வேண்டும். தர மறுக்கும் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே ஊசியோடு நிறுத்தி, மூன்று மாதம் பார்த்துவிட்டு அடுத்ததை யோசிக்கலாம். தொகுப்பாக முன்பணம் கட்ட வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், மூட்டிலோ உடலிலோ கிருமித் தொற்று உள்ளவர்களும், தட்டணு எண்ணிக்கை குறைந்தவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கால் வளைந்து, எலும்போடு எலும்பு உரசும் நான்காம் நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு இந்த ஊசியைப் பரிந்துரைக்கும் மருத்துவமனையைவிட்டு எழுந்து வந்துவிடுவது நல்லது. அவர்களுக்கு உரியது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையிலேயே அதைச் செய்துகொள்ள முடியும்.